ஆப்ஜெக்டிவ் மேல் எழுதியிருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)

முன்னுரை



நம் சங்க ஆண்டு மலரில் கதை, கவிதை, துணுக்கு எல்லாம் இருக்கும். நடுவில் பாடக் கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். மெட்டலர்ஜி லேபில் நாம் எல்லோரும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்கிறோம். ரெக்கார்டு நோட்டில் வட்டம் போட்டு, பெரைட், பெர்லைட் என்று படம் வரைந்து, கீழே "உருப்பெருக்கம் 100 மடங்கு" என்று எழுதுகிறோம். அந்த 100 எங்கிருந்து வந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று வைவாவில் கேட்டால் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க அண்ணனோ அக்காவோ கிடையாது. என்னைப் போன்றவர்கள் நம் வகுப்பிலேயே பாதிப்பேர் இருப்பார்கள். லேபில் சார் சொல்லிக் கொடுத்ததையும், நூலகத்தில் படித்ததையும் சேர்த்து நமக்குப் புரியும் விதத்தில் இங்கே எழுதுகிறேன். கட்டுரை முழுவதிலும் சொல்ல வருவது ஒரே விஷயம்: பெரிதாகத் தெரிவது வேறு, தெளிவாகத் தெரிவது வேறு.

1. இரண்டு வில்லைகள், ஒரு பெருக்கல்

மைக்ராஸ்கோப்பில் ஸ்பெசிமனுக்குப் பக்கத்தில் இருப்பது ஆப்ஜெக்டிவ், அதாவது பொருளருகு வில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது ஐபீஸ், அதாவது கண்ணருகு வில்லை. ஆப்ஜெக்டிவ் முதலில் ஒரு பெரிய பிம்பத்தைக் குழாய்க்குள் உண்டாக்குகிறது. அந்தப் பிம்பத்தை ஐபீஸ் ஒரு பூதக்கண்ணாடி போல மறுபடியும் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆகவே,

மொத்த உருப்பெருக்கம் = ஆப்ஜெக்டிவ் எண் × ஐபீஸ் எண்.

ஆப்ஜெக்டிவ் 10, ஐபீஸ் 10 என்றால் மொத்தம் 100 மடங்கு. ஆப்ஜெக்டிவ் 40 என்றால் 400 மடங்கு. இது நீளத்தில் கணக்கிடப்படும் மடங்கு என்பதை மறக்கக்கூடாது. 100 மடங்கு என்றால் நீளம் 100 மடங்கு, அகலம் 100 மடங்கு. பரப்பளவு 10,000 மடங்கு ஆகிவிடும். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஆப்ஜெக்டிவின் எண் அதன் குவிய தூரத்தைப் பொறுத்தது. குழாய் நீளம் 160 மில்லிமீட்டர் உள்ள பழைய வகை மைக்ராஸ்கோப்பில், 10 மடங்கு ஆப்ஜெக்டிவின் குவிய தூரம் ஏறத்தாழ 16 மி.மீ. 40 மடங்கு என்றால் ஏறத்தாழ 4 மி.மீ. மடங்கு கூடக் கூடக் குவிய தூரம் குறைகிறது. அதனால்தான் 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் ஸ்பெசிமனை முட்டுகிற மாதிரி நெருங்கி வருகிறது. அங்கே பொதுவாக இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான்.

2. ஆப்ஜெக்டிவின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது?

அடுத்த முறை லேபுக்குப் போகும்போது ஆப்ஜெக்டிவின் பக்கவாட்டைக் கவனமாகப் படியுங்கள். சாதாரணமாக இப்படி இருக்கும்:

40 / 0.65
160 / 0.17

முதல் எண் 40 என்பது உருப்பெருக்கம்.

இரண்டாவது எண் 0.65 என்பது நியூமரிக்கல் அப்பெர்ச்சர், சுருக்கமாக என்.ஏ. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் இதுதான்.

மூன்றாவது எண் 160 என்பது அந்த ஆப்ஜெக்டிவ் எந்தக் குழாய் நீளத்துக்குச் செய்யப்பட்டது என்பது. புதிய மைக்ராஸ்கோப்களில் இங்கே படுத்த எட்டு போல முடிவிலிக் குறி இருக்கும். அதன் பொருள், ஆப்ஜெக்டிவிலிருந்து ஒளி இணைகதிராக வெளியே வருகிறது, குழாய்க்குள் இன்னொரு வில்லை இருந்துதான் அதைக் குவிக்கிறது என்பது. ஆகவே ஒரு வகை ஆப்ஜெக்டிவை மற்ற வகை மைக்ராஸ்கோப்பில் திருகிப் போடக்கூடாது. மரை பொருந்தினாலும் பிம்பம் சரியாக வராது.

நான்காவது எண் 0.17 என்பது மேலே மூடும் கண்ணாடித் தகட்டின் தடிமன், மில்லிமீட்டரில். இரத்தம், செடி போன்றவற்றைப் பார்க்கும்போது மேலே மெல்லிய கண்ணாடி மூடுவார்கள். நாம் பார்க்கும் பாலிஷ் செய்த இரும்புத் துண்டுக்கு மூடி கிடையாது. அதனால் மெட்டலர்ஜி ஆப்ஜெக்டிவில் அந்த இடத்தில் 0 என்று இருக்கும். 4, 10 போன்ற சிறிய ஆப்ஜெக்டிவ்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 40 மடங்கில் 0.17-க்கான ஆப்ஜெக்டிவைப் போட்டு மூடியில்லாத ஸ்பெசிமனைப் பார்த்தால், எவ்வளவு ஃபோகஸ் செய்தாலும் ஒரு மங்கல் இருந்துகொண்டே இருக்கும். அந்த மங்கல் நம் கண்ணில் இல்லை, வில்லைப் பொருத்தத்தில் இருக்கிறது.

சில ஆப்ஜெக்டிவ்களில் "பிளான்" என்று எழுதியிருக்கும். வட்டத்தின் நடுவும் ஓரமும் ஒரே சமயத்தில் ஃபோகஸ் ஆகும்படி திருத்தப்பட்ட வில்லை அது. வண்ண வளையமும் ஒரு அடையாளம்தான்: 4 மடங்குக்குச் சிவப்பு, 10-க்கு மஞ்சள், 20-க்குப் பச்சை, 40-க்கு இளநீலம், 100-க்கு வெள்ளை.

3. என்.ஏ. என்றால் என்ன?

மழை பெய்யும்போது வாசலில் ஒரு குடமும் ஒரு அண்டாவும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் பிடிக்கும்? அண்டாவில்தான். வாய் அகலம். ஆப்ஜெக்டிவும் அப்படித்தான். ஸ்பெசிமனின் ஒரு புள்ளியிலிருந்து ஒளி கூம்பு போல விரிந்து வருகிறது. அந்தக் கூம்பில் எவ்வளவு அகலத்தை ஆப்ஜெக்டிவ் உள்ளே வாங்குகிறது என்பதுதான் என்.ஏ.

என்.ஏ. = இடையில் உள்ள பொருளின் ஒளிவிலகல் எண் × கூம்பின் அரைக்கோணத்தின் சைன் மதிப்பு.

காற்றின் ஒளிவிலகல் எண் 1 என்று கொள்ளலாம். 0.25 என்.ஏ. என்றால் அரைக்கோணம் சுமார் 14½ டிகிரி. 0.65 என்றால் சுமார் 40½ டிகிரி. சைன் மதிப்பு 1-ஐத் தாண்டாது. அதனால் காற்றில் வேலை செய்யும் ஆப்ஜெக்டிவுக்கு நடைமுறை உச்சம் 0.95. அதற்கு மேல் போக வேண்டுமானால் இடையில் எண்ணெய் விட வேண்டும். அந்த எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.515. ஆகவேதான் 100 மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவில் 1.25 என்று பார்க்கிறோம்.

அகலக் கோணம் எதற்கு? வெளிச்சம் அதிகம் வருவதற்கு மட்டும் அல்ல. ஸ்பெசிமனில் நெருக்கமான கோடுகள் இருந்தால், அவை ஒளியை விளிம்பு விளைவால் பக்கவாட்டில் வளைத்து அனுப்புகின்றன. கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அதிகக் கோணத்தில் ஒளி விலகிப் போகும். அந்த விலகிய ஒளியை ஆப்ஜெக்டிவ் பிடித்தால்தான் கோடு தெரியும். பிடிக்கவில்லை என்றால், கோடு இருந்தும் நமக்கு அது இல்லாத மாதிரிதான்.

4. இதைக் கண்டு சொன்னவர்

இந்த உண்மையை 1873-ல் எழுதியவர் எர்னஸ்ட் அபே. ஜெர்மனியில் ஜெனா நகரத்தில் பேராசிரியர். அங்கே கார்ல் சைஸ் என்பவர் மைக்ராஸ்கோப் பட்டறை நடத்தினார். அதுவரை வில்லைகளை ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்து, சரியாக வந்ததை வைத்துக்கொள்வதுதான் தொழில் முறை. அபே அதைக் கணக்குக்குக் கொண்டுவந்தார். அவருடைய சூத்திரம்:

பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி = ஒளியின் அலைநீளம் ÷ (2 × என்.ஏ.)

ஜெனாவில் உள்ள அவரது நினைவுச் சின்னத்தில் இந்தச் சூத்திரமே செதுக்கப்பட்டிருக்கிறது. இதில் உருப்பெருக்கம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள்!

அபேயின் வாழ்க்கையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய அப்பா நூற்பாலைத் தொழிலாளி. ஒரு நாளைக்கு 14, 16 மணி நேரம் நின்றபடியே வேலை. ஆலை முதலாளி உதவியதால் மகன் படிக்க முடிந்தது. அந்த மகன் பெரிய ஆளான பிறகு, 1889-ல் சைஸ் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். 1900-ல் சைஸ் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலை நாள் வந்தது. எங்கள் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். ஷிப்டு முடிந்து வந்து காலை நீட்டி உட்காருவதைத் தினமும் பார்க்கிறேன். அதனால் அபேயைப் பற்றிப் படித்தபோது சூத்திரத்தை விட இந்தச் செய்தி என் மனதில் அதிகம் நின்றது.

5. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அபே சூத்திரத்தில் போட்டால்:

4 / 0.10 ஆப்ஜெக்டிவ்: 2.75 மைக்ரான்
10 / 0.25 ஆப்ஜெக்டிவ்: 1.1 மைக்ரான்
40 / 0.65 ஆப்ஜெக்டிவ்: சுமார் 0.42 மைக்ரான்
100 / 1.25 எண்ணெய் ஆப்ஜெக்டிவ்: 0.22 மைக்ரான்

(சில புத்தகங்களில் 0.5-க்குப் பதில் 0.61 என்று இருக்கும். அது ராலே என்பவரின் அளவுகோல். விடை சற்றுக் கூடும், கருத்து ஒன்றுதான்.)

இப்போது ஒரு கேள்வி. 40 மடங்கு ஆப்ஜெக்டிவுடன் 25 மடங்கு ஐபீஸ் போட்டால் மொத்தம் 1000. 100 மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவுடன் 10 மடங்கு ஐபீஸ் போட்டாலும் 1000. இரண்டும் ஒன்றா? ஒன்று இல்லை! முதலாவது 0.42 மைக்ரான் வரைதான் பிரிக்கும். இரண்டாவது 0.22 மைக்ரான் வரை பிரிக்கும். ஐபீஸ் புதிதாக எதையும் கண்டுபிடித்துத் தராது. ஆப்ஜெக்டிவ் கொண்டுவந்ததைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். செய்தித்தாளில் வரும் போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் பெரிதாகும், முகத்தில் புது விவரம் எதுவும் தெரியாது அல்லவா? அது போலத்தான். இதற்கு வெற்று உருப்பெருக்கம் என்று பெயர். ஐபீஸில் செல்போனை வைத்துப் படம் எடுத்து விரலால் பெரிதாக்குகிறோமே, அதுவும் ஒரு எல்லைக்கு மேல் இதே கதைதான்.

நினைவில் வைக்க எளிய விதி: பயனுள்ள மொத்த உருப்பெருக்கம் என்.ஏ.-வின் 500 மடங்கு முதல் 1000 மடங்கு வரை. 0.65-க்கு 325 முதல் 650 வரை. 400 அதற்குள் இருக்கிறது, நல்லது. 1000 வெளியே போய்விட்டது, வெற்று.

6. பெர்லைட் சொல்லும் பாடம்

நாம் லேபில் பார்க்கும் மைல்டு ஸ்டீல் ஸ்பெசிமனையே எடுத்துக்கொள்வோம். எமரி பேப்பரில் தேய்த்து, பாலிஷ் செய்து, நைட்டலில் எட்ச் செய்து 100 மடங்கில் பார்த்தால், வெள்ளையாகப் பெரைட், கறுப்புத் திட்டாகப் பெர்லைட். ஆனால் புத்தகத்தில் பெர்லைட் என்றால் பெரைட்டும் சிமென்டைட்டும் மாறி மாறி அடுக்கிய தகடுகள் என்று படித்திருக்கிறோம். தகடு எங்கே? வெறும் கறுப்புதானே தெரிகிறது?

மெதுவாக ஆறிய எஃகில் ஒரு தகடு முதல் அதே வகையான அடுத்த தகடு வரை உள்ள தூரம் அரை மைக்ரான், அதற்குச் சற்று மேலும் இருக்கலாம். 10 மடங்கு ஆப்ஜெக்டிவின் எல்லை 1.1 மைக்ரான். ஆகவே அது தகடுகளைப் பிரிக்க வழியே இல்லை. 40-க்கு மாற்றினால் எல்லை 0.42. இப்போது கைரேகை மாதிரி கோடுகள் எழும்பி வரும். ஒரு திட்டில் கோடு தெரியும், பக்கத்துத் திட்டு கறுப்பாகவே இருக்கும். காரணம், நாம் வெட்டிய தளம் தகடுகளைச் சாய்வாக வெட்டினால் இடைவெளி அகலமாகத் தெரியும், நேராக வெட்டினால் உள்ளபடி நெருக்கமாகத் தெரியும். வேகமாக ஆறிய எஃகில் இடைவெளி கால் மைக்ரானுக்கும் கீழே போகும். அதை 100 மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவும் பிரிக்கத் திணறும்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஹென்றி கிளிப்டன் சார்பி 1860-களிலேயே எஃகைப் பாலிஷ் செய்து, எட்ச் செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர். அதில் ஒரு பகுதி முத்துப் போல மின்னுவதையும் கண்டார். ஆனால் அது தகடு தகடாக இருப்பதைச் சுமார் 650 மடங்கில் தெளிவாகக் காட்டியது 1880-களில்தான். எஃகு மாறவில்லை. பார்க்கும் வில்லைதான் மாறியது.

இதனால் நமக்கு என்ன? நாளைக்கு நம்மில் பலர் ஃபவுண்டரியிலோ ஹீட் ட்ரீட்மெண்ட் ஷாப்பிலோ தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்காருவோம். 100 மடங்கில் கறுப்பாகத் தெரிந்ததை வைத்து "தகடு அமைப்பு இல்லை" என்று ரிப்போர்ட் எழுதினால் அது தவறு. "இந்த ஆப்ஜெக்டிவில் தெரியவில்லை" என்பதுதான் சரி. அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு லாட் முழுவதும் திரும்பிப் போகலாம், அல்லது போகக்கூடாத லாட் வெளியே போகலாம். கீழே இருப்பது நம் கையெழுத்து.

7. 100 மடங்கு என்று சொன்னால் 100 மடங்குதான்

என்.ஏ. முக்கியம் என்பதற்காக உருப்பெருக்கம் முக்கியம் இல்லை என்று ஆகிவிடாது. ஏ.எஸ்.டி.எம். முறையில் தானிய அளவு எண் சொல்லும்போது, 100 மடங்கில் ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை தானியங்கள் என்று எண்ணுகிறோம். எண் 1 என்றால் 1 தானியம், 2 என்றால் 2, 3 என்றால் 4, இப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு மடங்காகி 8 என்றால் 128 தானியம். இதையே கவனிக்காமல் 200 மடங்கில் எண்ணினால், பரப்பளவு நான்கு மடங்கு பெரிதாகிவிட்டதால் 128-க்குப் பதில் 32-தான் தெரியும். எண் 8 என்பது 6 ஆகிவிடும்! நல்ல நுண்தானிய எஃகு பெருந்தானிய எஃகு என்று பெயர் வாங்கிவிடும். வார்ப்பிரும்பில் கிராஃபைட் அளவு பார்க்கும் ஒப்பீட்டுப் படங்களும் 100 மடங்குக்கே அச்சிடப்பட்டவை.

ஆகவே எழுதியிருக்கும் எண்ணை நம்பி மட்டும் இருக்கக்கூடாது, சரிபார்க்க வேண்டும். அதற்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் இருக்கிறது. கண்ணாடியில் 1 மி.மீ. நீளத்தை 100 பாகமாகப் பிரித்த அளவுகோல், ஒரு பாகம் 0.01 மி.மீ. ஐபீஸில் உள்ள அளவுகோலோடு இதை ஒத்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் ஐபீஸின் 100 பிரிவுகள் 1 மி.மீ.-க்குச் சமம் என்று வந்தால், ஒரு பிரிவு 10 மைக்ரான். அதே ஐபீஸில் 40-க்கு மாற்றினால் ஒரு பிரிவு 2.5 மைக்ரான். படம் பிரிண்ட் போடும்போது அளவு மாறிவிடும். ஆகவே "100 மடங்கு" என்று எழுதுவதோடு, படத்தின் மேலேயே 50 மைக்ரான் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் படம் எவ்வளவு பெருத்தாலும் சிறுத்தாலும் கோடும் கூடவே மாறும். பொய் சொல்லாது.

8. லேபில் கவனிக்க வேண்டியவை

அ) எப்போதும் சின்ன ஆப்ஜெக்டிவில் தொடங்கிப் பெரியதற்குப் போகவும். 10-ல் ஃபோகஸ் செய்தால் 40-லும் ஏறக்குறைய ஃபோகஸ் இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். 40-க்கு வந்தபின் சிறிய திருகை மட்டும் தொடவும்.

ஆ) 10 மடங்கு ஐபீஸில் பார்வை எண் 18 என்றால், 10 ஆப்ஜெக்டிவில் தெரியும் வட்டத்தின் விட்டம் 1.8 மி.மீ. 40-ல் 0.45 மி.மீ.தான். ஆகவே பார்க்க வேண்டிய இடத்தை நடுவில் கொண்டுவந்த பிறகே மாற்றவும்.

இ) ஃபோகஸ் ஆழமும் 40-ல் ஒரு மைக்ரான் அளவாகச் சுருங்கிவிடும். ஸ்பெசிமன் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டுமே தெளிவாக இருக்கும். பிளாஸ்டிசினில் வைத்து மட்டமாக அழுத்தவும்.

ஈ) அப்பெர்ச்சர் டயபிரத்தை ரொம்ப மூடினால் விளிம்புகள் கறுப்பாக, பார்க்க அழகாகத் தெரியும். ஆனால் வேலை செய்யும் என்.ஏ. குறைந்து நுணுக்கம் போய்விடும். முக்கால் பங்கு திறந்திருப்பது நல்லது.

உ) எட்ச் செய்த ஸ்பெசிமனை ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே ஆப்ஜெக்டிவுக்குக் கீழே வைக்கவும். அமில ஆவி வில்லையை அரித்துவிடும்.

ஊ) ஆப்ஜெக்டிவைப் பிடித்துச் சுழற்றாதீர்கள். அது பொருத்தியிருக்கும் வட்டத் தட்டைப் பிடித்துச் சுழற்றவும். துடைக்க லென்ஸ் பேப்பர் மட்டும். சட்டை நுனி, கர்ச்சீப் வேண்டாம். நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளும் இதே வில்லையில்தான் பார்க்க வேண்டும்.

9. வைவாவுக்குச் சில கேள்விகள்

கேள்வி: தெளிவைத் தீர்மானிப்பது ஆப்ஜெக்டிவா, ஐபீஸா?
பதில்: ஆப்ஜெக்டிவ், அதன் என்.ஏ. மூலம்.

கேள்வி: பச்சை ஃபில்டர் எதற்கு?
பதில்: சாதாரண ஆப்ஜெக்டிவ்கள் பச்சை ஒளிக்கே நன்றாகத் திருத்தப்பட்டவை. ஒரே நிறம் வருவதால் நிறப் பிறழ்ச்சியும் குறையும்.

கேள்வி: 100 மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவை எண்ணெய் இல்லாமல் பார்த்தால்?
பதில்: உருப்பெருக்கம் இருக்கும், 1.25 என்.ஏ. கிடைக்காது. பிம்பம் மங்கும்.

கேள்வி: மெட்டலர்ஜி மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?
பதில்: உலோகத்தில் ஒளி ஊடுருவாது. ஆகவே ஆப்ஜெக்டிவ் வழியாகவே மேலிருந்து விழுந்து, பிரதிபலித்து, அதே ஆப்ஜெக்டிவ் வழியாகத் திரும்புகிறது.

முடிவுரை

நண்பர்களே, ரெக்கார்டில் இனிமேல் "உருப்பெருக்கம் 400" என்று மட்டும் எழுதாமல், "ஆப்ஜெக்டிவ் 40 / 0.65, ஐபீஸ் 10" என்று முழுமையாக எழுதிப் பழகுவோம். ஒரு வரிதான் கூடும். ஆனால் அதைப் படிப்பவருக்கு, நாம் எதைப் பார்த்தோம் என்பதோடு எதுவரை பார்க்க முடிந்தது என்பதும் தெரியும். தேர்வுக்கும் அது உதவும், பிறகு வேலைக்கும் உதவும். சந்தேகம் இருந்தால் லேபில் தயங்காமல் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததை நானும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.